பழைய வீட்டுக்கு ஏசி: கடைக்குப் போகும் முன் மாடிக்குப் போங்கள்

அக்னி நட்சத்திரம் நெருங்கினால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரிதான் இருக்கும். "அண்ணே, ஆஃபர்ல ஒன்றரை டன் எடுத்துட்டோம், வந்து மாட்டிக் குடுங்க." புது ஃபிளாட் என்றால் அரை நாளில் முடியும். பழைய வீடென்றால் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே சிக்கல் தொடங்கிவிடும். முன்னால் தெரு, பின்னால் கொல்லை, இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர், படுக்கையறையோ வீட்டின் நடு வயிற்றில். ஏசியின் வெளிப்பெட்டியை, அதாவது அவுட்டோரை, எங்கே வைப்பது?

நான் புதுச்சேரி முத்தியால்பேட்டைக்காரன். ஏசி மெக்கானிக். வடக்கே காலாப்பட்டிலிருந்து தெற்கே கடலூர் ஓ.டி. (பழைய டவுன்) வரைக்கும் வேலைக்குப் போய்வருவேன். பழைய வீடுகளைப் பொறுத்தவரை என் வரிசை இதுதான்: முதலில் மாடி, அப்புறம் அவுட்டோருக்கு இடம், அப்புறம் சுவர், அப்புறம் கரண்டு. இவ்வளவும் பார்த்த பிறகுதான் எத்தனை டன், எந்தக் கம்பெனி என்ற பேச்சை எடுப்பேன். கடையில் இந்த வரிசையை யாரும் சொல்ல மாட்டார்கள். பெட்டியை விற்பது அவர்கள் தொழில், அதைக் குறை சொல்லவும் முடியாது.

சூடு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ் தளம். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அதன்மேல் மெல்லிய சின்னச் செங்கல்லைச் சுண்ணாம்புக் கலவையில் குறுக்காகச் செருகி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, கடைசியில் தட்டோடு பதித்த தளம். நல்ல கனம். அந்தக் கனம்தான் பகலில் வீட்டைக் காப்பாற்றுகிறது, இரவில் படுத்தியும் எடுக்கிறது. பகல் முழுக்க வாங்கிய வெயிலைத் தளம் உடனே கீழே விடாது. ராத்திரி எட்டு மணிக்கு மேல், நீங்கள் படுக்கப் போகும் நேரம் பார்த்து விடும்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். ராத்திரி ஒன்பது மணிக்கு ஏணி போட்டு ஏறி, மேல்தளத்தின் அடிப்பக்கத்தில் கையை வையுங்கள். அப்படியே இறங்கி உள்சுவரில் வையுங்கள். தளம் வெதுவெதுப்பாகவும் சுவர் சில்லென்றும் இருந்தால், உங்கள் எதிரி மாடி. மேலே இன்னொரு மாடி இருக்கிற கீழ்வீட்டில் இந்த வித்தியாசமே தெரியாது. அங்கே புழுக்கம்தான் பிரச்சினை, அதற்கு வைத்தியமும் வேறு.

மாடிதான் எதிரி என்றால் ஏசிக்கு முன்னால் அதற்குச் செலவு செய்யுங்கள். வெள்ளைச் சுண்ணாம்பில் கொஞ்சம் ஃபெவிகால் கலந்து ஒவ்வொரு மாசி மாதமும் இரண்டு கை அடித்தாலே தளம் வாங்கும் சூடு நன்றாகக் குறையும். கூல் ரூஃப் பெயின்ட் இன்னும் நாள் தாங்கும், விலையும் அதற்கேற்ப. கூலிங் டைல்ஸ் ஒட்டலாமா என்று கேட்பார்கள். கான்கிரீட் தளத்தில் தாராளமாக ஒட்டலாம். மெட்ராஸ் டெரஸில் ஏற்கெனவே உள்ள கனத்தின் மேல் டைல்ஸும் சிமென்டும் ஏற்றினால் கட்டைகள் தாங்குமா என்று ஒரு இன்ஜினீயர் பார்த்துச் சொல்ல வேண்டும், மேஸ்திரி சொல்வது போதாது.

ஏணியில் ஏறியதே ஏறினீர்கள், இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். கட்டை சுவருக்குள் நுழையும் இடம்தான் முதலில் கெடும். அங்கே ஸ்குரூடிரைவர் முனையை வைத்து லேசாக அழுத்துங்கள். மரம் "டங்" என்று நின்றால் சரி. முனை உள்ளே இறங்கினாலோ, கரையான் மண் கோடு தெரிந்தாலோ, ஏசிக்கு வைத்திருக்கும் பணத்தைத் தச்சரிடமும் மேஸ்திரியிடமும் கொடுங்கள். 2014 நவம்பர் மழையில் பீச் ரோட்டு மேரி கட்டடம் (பழைய நகராட்சிக் கட்டடம்) அப்படியே சரிந்து விழுந்ததைப் புதுச்சேரிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சுண்ணாம்புக் கட்டடத்தில் தண்ணீர் இறங்க ஆரம்பித்தால் அது வேலையை முடிக்காமல் நிற்பதில்லை.

சீமை ஓட்டு வீடுகளுக்குக் கதை வேறு. ஓட்டுக்கு இடையில் காற்று போய் வரும். அதற்குக் கீழே நேரடியாக ஏசி போட்டால் தெருவையே குளிரவைக்கிறீர்கள். உள்ளே மரப்பலகையிலோ பிவிசியிலோ ஒரு மட்ட சீலிங் அடித்து, அதற்கும் ஓட்டுக்கும் நடுவில் சூடு வெளியேற இரண்டு முனையிலும் வலை போட்ட திறப்பு விட்டால்தான் ஏசி எடுபடும்.

மெட்ராஸ் டெரஸின் கீழ் ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் அடிப்பதை நான் ஊக்குவிப்பதில்லை. உயரத்தைக் குறைத்தால் ஏசிக்கு லாபம்தான். ஆனால் ஒழுகலும் கரையானும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அடித்தே தீருவேன் என்றால், தேக்குக் கட்டையில் ஆணி அடிக்காமல் சுவரோரம் தாங்கி நிற்கிற மாதிரி அடியுங்கள், ஒவ்வொரு மூலையிலும் கழற்றிப் பார்க்க ஒரு பலகை விடுங்கள்.

கூலர், ஹீட்டர், மற்ற ஆசைகள்

தண்ணீர் ஊற்றும் ஏர் கூலர் நாக்பூருக்கும் ஜெய்ப்பூருக்கும் செய்த சாமான். காற்று காய்ந்திருந்தால்தான் தண்ணீர் ஆவியாகும், ஆவியானால்தான் குளிரும். நம் ஊரில் மே மாதம் 36 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றில் தண்ணீரை எவ்வளவு ஆவியாக்கினாலும் 29 டிகிரிக்குக் கீழே போகவே போகாது. கூலர் அந்த எல்லையையும் தொடாது, 31 பக்கம் நின்றுவிடும். அதற்குள் அறையில் ஈரம் ஏறி, உடம்பு பிசுபிசுத்து, பீரோவில் இருக்கிற பட்டுப்புடவை பூஞ்சை பிடிக்கும். மதியம் கடல்காற்று திரும்பிய பிறகு ஜன்னலைத் திறந்துவைத்து ஃபேன் போட்டாலே இதைவிடச் சுகம்.

ஃபேன் என்றதும் ஒன்று. 14 அடி உயர அறையில் சீலிங் ஃபேனைக் கட்டை ஓரமாகவே மாட்டி வைத்திருப்பார்கள். அது மேலே இருக்கிற சூட்டைத்தான் கலக்கும். நீளமான ராடு வாங்கி, தரையிலிருந்து எட்டரை, ஒன்பது அடிக்கு இறக்குங்கள். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி ஃபேன் 30 வாட் பக்கம். ஏசியோடு சேர்த்து ஓட்டுவதற்கும் அதுதான் சரி. ஏசியை 26-ல் வைத்து ஃபேனை மெதுவாகச் சுற்றவிட்டால் 24-ல் இருக்கிற சுகம் கிடைக்கும்.

ஹாட் அண்ட் கோல்ட் ஏசி என்று ஒன்றைச் சில கடைகளில் தள்ளிவிடப் பார்ப்பார்கள். மார்கழி விடியற்காலையிலேயே 20 டிகிரி வரைதான் இறங்கும் ஊரில் அறைக்கு ஹீட்டர் எதற்கு? ஒரு போர்வை போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவரெல்லாம் ஈரம் கசியும்போது பெரும்பாலான ஏசியில் இருக்கிற, ஈரத்தை எடுக்கும் டிரை மோடு உதவும். அது உள்ள மாடலாகப் பார்த்து வாங்கினால் முடிந்தது.

அவுட்டோருக்கு இடம்

இதற்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். வாடிக்கையாளருக்கு உள்பெட்டியான இன்டோர் எங்கே இருந்தால் அழகு என்பதுதான் முதல் கேள்வி. எனக்கு அவுட்டோர் எங்கே மூச்சு விடும் என்பதுதான்.

முற்றத்தில் வைக்கலாமே என்று எல்லோருக்கும் தோன்றும். வேண்டவே வேண்டாம். எட்டுக்கு எட்டு முற்றத்தில் அவுட்டோரை வைத்தால், அது துப்பும் அனலை அதுவே திரும்ப இழுக்கும். கரண்டு ஏறும், கம்ப்ரசர் திணறும், தாழ்வாரம் முழுக்க அடுப்படி மாதிரி ஆகும். ஒரு அறை குளிர்வதற்காக மொத்த வீட்டையும் சூடாக்குவது என்ன கணக்கு? அந்த முற்றம்தான் இத்தனை வருடம் வீட்டின் சூட்டை மேலே இழுத்து வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. அதை மூடி கண்ணாடி போடுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்.

தெருப்பக்கச் சுவரும் வேண்டாம். பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனில் முகப்பில் இரும்புச் சட்டம் அடித்து அவுட்டோர் தொங்கினால் வீதியே கெட்டுப்போகும், பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் உள்ள வீடென்றால் நகர அமைப்பு அலுவலகத்தில் கேட்காமல் கை வைக்கவும் கூடாது. தமிழர் பகுதியிலும் அப்படித்தான். வைசியாள் வீதியில் திண்ணை, தாழ்வாரம் எல்லாம் சேர்த்துப் புதுப்பித்ததற்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. அந்தத் தாழ்வாரத்தில் நடப்பவர் தலையில் ஏசித் தண்ணீர் சொட்டினால் நன்றாகவா இருக்கும்?

மிச்சம் இருப்பது இரண்டு: கொல்லை அல்லது மொட்டை மாடி.

கொல்லைச் சுவர் வடக்குப் பார்த்திருந்தால் அதிர்ஷ்டம். வெயில் குறைவு, கடலைப் பார்க்காத பக்கம், தண்ணீர் விடவும் வசதி. ஆனால் தரையில் வைக்காதீர்கள். 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்து, தாழ்வான தெருக்களில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. தரையில் வைத்த அவுட்டோர்களின் சர்க்யூட் போர்டெல்லாம் போச்சு. குறைந்தது மூன்றடி மேலே போங்கள்.

மாடியில் வைப்பதென்றால் தளத்தின் நடுவில் வைக்கக் கூடாது. கீழே சுவர் எங்கே ஓடுகிறதோ அதன் நேர் மேலே வையுங்கள். நடுவில் வைத்தால் அதிர்வு தேக்குக் கட்டை வழியாக இறங்கி, ராத்திரி முழுக்க "ம்ம்ம்" என்று படுக்கைக்கு மேல் முனகும். தளத்தில் துளை போட்டு போல்ட் இறக்கவும் கூடாது, அடுத்த மழையில் அந்தத் துளை வழியாகத்தான் ஒழுகும். நான் செய்வது இது: சுவர் கோட்டின் மேல் இரண்டு கனமான கடப்பைக் கல், அதன்மேல் ரப்பர், அதன்மேல் அகலமான இரும்பு ஸ்டாண்டு, ஸ்டாண்டின் கால்களைக் கல்லோடு போல்ட்டில் இறுக்குவது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியதைப் பார்த்தவர்கள் யாரும் அவுட்டோரைச் சும்மா வைத்துவிட்டு இறங்க மாட்டார்கள். பழைய கைப்பிடிச் சுவரில் மட்டும் கட்டி நம்ப வேண்டாம், அது தன்னைத்தானே பிடித்துக்கொண்டு நிற்பதே பெரிய விஷயம்.

பைப் நீளத்தையும் இப்போதே அளந்துவிடுங்கள். பெட்டியோடு பொதுவாக 3 மீட்டர் காப்பர் பைப்தான் வரும். 14 அடி உயர அறை, மேலே தளம், கைப்பிடிச் சுவரைச் சுற்றி வந்தால் சுலபமாக 7, 8 மீட்டர் ஆகிவிடும். கூடுதல் பைப்புக்குத் தனிக் காசு, குளிரவைக்கிற கேஸையும் கூடுதலாகக் கம்பெனி புத்தகத்தில் போட்ட அளவுக்கு எடைபோட்டு ஏற்ற வேண்டும். அளக்காமல் ஆர்டர் போட்டவர்களுக்கு மாட்டுகிற நாளில்தான் இந்தச் செலவு தெரியவரும். சண்டையும் அப்போதுதான் வரும்.

சுண்ணாம்புச் சுவரில் கை வைப்பது

கடலூர் ஓ.டி.யில் ஒரு வீட்டில் டிரில்லைக் கையில் எடுத்ததும் அந்த வீட்டு ஆயா வந்து முன்னால் நின்றுவிட்டார்.

"தம்பி, செவுத்துல ஓட்ட போடாம மாட்ட முடியாதா?"

"ஒண்ணு போட்டுத்தான் ஆவணும் ஆயா. அதுக்கு மேல போட மாட்டேன்."

"எங்க மாமனார் கட்டுன செவுரு. சுத்தியால அடிச்சினா பொறுக்க மாட்டேன், ஆமா."

ஆயா சொன்னதில் தொழில் இருக்கிறது. சுண்ணாம்புச் சுவரைச் சுத்தியலும் உளியும் வைத்து உடைத்தால், நீங்கள் போடும் மூன்று அங்குல ஓட்டைக்கு மூன்றடி சுற்றளவில் பூச்சு உள்ளுக்குள் கழன்றுவிடும். இன்று தெரியாது, ஆறு மாதம் கழித்து ஒரு பலகையாக விழும். எனவே வட்டமாக அறுக்கிற கோர் கட்டர்தான், அதுவும் அடிக்கும் மோடை அணைத்துவிட்டுச் சுழலும் மோடில் மட்டும்.

முதலில் விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான சத்தம் வரும் இடத்தில் போடலாம். டொக் டொக் என்று வந்தால் அங்கே பூச்சு ஏற்கெனவே விட்டிருக்கிறது. இடம் முடிவானதும் நீளமான மெல்லிய பிட்டால் ஊசித் துளை ஒன்றை மறுபக்கம் வரை விடுவேன், வெளிப்பக்கம் ஒரு விரல் அளவு தாழ்வாக. வெளியே வரும் தூளைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். வெள்ளையாக வந்தால் சுண்ணாம்புக் கலவை, சிவப்பாக வந்தால் செங்கல். ஒன்றரை அடிச் சுவரில் இரண்டும் மாறி மாறி வரும். திடீரென்று பிட் தடையில்லாமல் உள்ளே போனால் நடுவில் பொந்து, இடத்தை மாற்றிவிடுவேன். ஊசித் துளை சரியாக வந்த பிறகு கோர் கட்டரை உள்ளிருந்து பாதி, வெளியிலிருந்து பாதி போடுவது. ஒரே பக்கமாகப் போட்டால் மறுபக்கம் பிட் வெளியேறும்போது தட்டு அளவுக்குப் பூச்சைப் பெயர்த்துக்கொண்டு போகும்.

ஓட்டைக்குள் ஒரு பிவிசி பைப்பைச் செருகி, அதற்குள்தான் காப்பர் போக வேண்டும். சுற்றி இருக்கிற இடைவெளியைச் சுண்ணாம்பும் மணலும் கலந்து அடையுங்கள். வெள்ளைச் சிமென்ட் வைத்துப் பூசினால் பார்க்க சுத்தமாக இருக்கும், ஆனால் சுவர் மூச்சு விட முடியாமல் ஈரம் ஓரமாகத் திரும்பி, அந்த இடத்தைச் சுற்றி உப்புப் பூக்கும். பழைய வீட்டில் சிமென்ட் ஒட்டுப்போட்ட இடத்தையெல்லாம் இந்த உப்பை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

இன்டோரைத் தாங்கும் இரும்புத் தட்டை மாட்டும்போது பூச்சின் கனத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். பூச்சே ஒரு அங்குலத்துக்கு மேல் இருக்கும். கம்பெனி கொடுக்கும் சின்ன ஸ்குரூ பூச்சிலேயே நின்றுவிடும், செங்கல்லைத் தொடாது. நான்கு அங்குல ஸ்குரூ, அதற்கேற்ற பிளக், தட்டின் எல்லாப் பக்கமும் பரவலாக. அவுட்டோர் முப்பது கிலோவுக்கு மேல் எடை, அதிர்வும் சேர்த்து. அதைச் சுண்ணாம்புச் சுவரில் ராவல் போல்ட் அடித்துத் தொங்கவிடுவதை நான் செய்வதே இல்லை. ராவல் போல்ட் விரிந்து பிடிக்கும் ஜாதி, விரியும்போதே மெத்துச் செங்கல் பிளந்துவிடும். தொங்கவிட்டே ஆக வேண்டுமென்றால் போல்ட்டைச் சுவரின் மறுபக்கம் வரை விட்டு, அங்கே இரும்புப் பட்டை வைத்து இறுக்க வேண்டும்.

கரண்டு

வெள்ளைப் பீங்கான் ஃபியூஸும் மரச் சட்டத்து பேட்டன் வயரிங்கும் இன்னும் உள்ள வீடுகள் நிறைய. அதிலிருந்து ஏசிக்கு ஒரு ஒயரைக்கூட எடுக்கக் கூடாது. மெயின் போர்டிலிருந்து நேராக ஏசிக்குத் தனி லைன்: ஒன்றரை டன்னுக்கு 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) காப்பர் ஒயர், சுமை மீறினால் தானே அணையும் 20 ஆம்பியர் சி டைப் எம்சிபி. மொத்த வீட்டுக்கும் கரண்டு கசிந்தால் லைனை அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று. லைட் சுவிட்சுப் பெட்டியில் எக்ஸ்டென்ஷன் போட்டு ஏசி ஓட்டுவதைப் பார்த்தால் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

எர்த்தைப் பற்றிக் கேட்டால், "இருக்கே, மூணு பின் பிளக்குதானே" என்பார்கள். பழைய வீடுகளில் எர்த் ஒயரைத் தண்ணீர்க் குழாயில் சுற்றிவிட்டிருப்பார்கள். இரும்புக் குழாய் இருந்த காலத்தில் ஏதோ ஓடியது. குழாயைப் பிளாஸ்டிக்காக மாற்றிய அன்றே அந்த எர்த் செத்துவிட்டது, யாருக்கும் தெரியாது. கொல்லையில் ஈரம் காயாத இடமாகப் பார்த்துப் புதிதாக எர்த் பிட் போடச் சொல்லுங்கள், லைசென்ஸ் உள்ள ஒயர்மேனை வைத்து மீட்டரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். இது இல்லாமல் ஏசி மாட்டக் கூடாது.

மின் இணைப்பின் அனுமதிச் சுமையையும் கூட்டவேண்டியிருக்கும். விண்ணப்பம் போட்டு ஏற்றிக்கொள்ளுங்கள். பில் விஷயத்தில் இரண்டு ஊருக்கும் வித்தியாசம் உண்டு. புதுச்சேரியில் மாதா மாதம். கடலூரில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, தொடக்க யூனிட்டுகள் இலவசம், ஆனால் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து ஏறும். தேவைக்கேற்ப கம்ப்ரசர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நல்ல இன்வெர்ட்டர் ஏசி ஒரு ராத்திரிக்கு 5, 6 யூனிட் இழுக்கும் என்று வைத்துக்கொண்டு, உங்கள் பழைய பில்லோடு கூட்டிப் பாருங்கள். 500-க்கு எவ்வளவு பக்கத்தில் போகிறீர்கள் என்று தெரியும்.

இப்போது கடைக்குப் போகலாம்

ஒரு டன் என்றால் மணிக்கு 12,000 பிடியு (சூட்டை அளக்கும் அலகு) சூட்டை வெளியேற்றும் திறன். எடையோடு சம்பந்தமில்லை. மேலே மாடி உள்ள கீழ்வீட்டு அறை 120 சதுர அடி என்றால் ஒரு டன் தாராளம். அதே அறை வெயில் படும் மொட்டை மாடிக்குக் கீழே இருந்தால் ஒன்றரை. உயரமான அறை என்று பயந்து இரண்டு டன்னுக்குப் போக வேண்டாம். குளிர்ந்த காற்று கனமானது, கீழேயே தங்கும். 14 அடி அறையில் இன்டோரை ஏழரை அடியில் மாட்டினால் மேலே இருக்கிற ஆறு அடிச் சூடு அங்கேயே கிடக்கும், நமக்கு அதனால் என்ன? பெரிய மெஷின் சீக்கிரம் குளிரவைத்துவிட்டு அடங்கிவிடும். ஈரத்தை எடுக்க அது ஓடும் நேரம் போதாது, அறை சில்லென்று பிசுபிசுக்கும்.

அதற்கு முன் காற்று போகும் ஓட்டைகளை அடையுங்கள். கதவுக்கு மேலே உள்ள வென்டிலேட்டர், பிரெஞ்சு ஜன்னலின் சாய்பலகை எல்லாம் அழகுதான், ஏசி அறைக்கு எமன். மரத்தைத் தொடாமல், உள்பக்கம் கழற்றி மாட்டுகிற மாதிரி அக்ரிலிக் பலகை போட்டுக்கொள்ளலாம். மார்கழியில் கழற்றிவிடுங்கள்.

மெஷினில் பார்க்க வேண்டியது: காப்பர் காயில், அதன் ஃபின் (மெல்லிய தகடுகள்) மேல் நீலமோ தங்க நிறமோ பூச்சு. கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற வைத்திக்குப்பம், குருசுக்குப்பம், தேவனாம்பட்டினம் வீடுகளில் பூச்சில்லாத ஃபின்னை இரண்டு மூன்று வருடத்துக்குப் பிறகு விரலால் தொட்டால் வெள்ளைப் பொடியாக உதிரும். சாம்பலைத் தொட்டது போல விரலில் ஒட்டும். அதற்கு மேல் அந்த அவுட்டோருக்கு எவ்வளவு கேஸ் ஏற்றினாலும் பயனில்லை. அலுமினியக் காயிலும் வருகிறது, விலை குறைவு, ஆனால் லீக் ஆனால் நம் ஊரில் பற்றவைத்துத் தருபவர் கிடைப்பது கஷ்டம்.

ஸ்டார் முத்திரையில் வருட யூனிட் என்று போட்டிருப்பது 1,600 மணி நேரம் ஓட்டினால் என்ற கணக்கு. உங்கள் வீட்டில் அதைவிட அதிகம் ஓடும் என்றால் அஞ்சு ஸ்டார், விருந்தாளி வந்தால் மட்டும் ஓடும் அறைக்கு மூன்று ஸ்டாரே போதும். உங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே சர்வீஸ் ஆள் உள்ள கம்பெனியா என்று விசாரிப்பது விளம்பரத்தில் வரும் எல்லாச் சிறப்பம்சத்தையும்விட முக்கியம்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு ஸ்ப்ளிட் வேண்டாம், வீட்டுக்காரர் சுவரில் ஓட்டை போட விடமாட்டார். கொல்லைப்பக்க ஜன்னல் அகலமாக இருந்தால் விண்டோ ஏசி வாங்குங்கள். சத்தம் கொஞ்சம் இருக்கும், ஆனால் வீடு மாறும்போது தூக்கிக்கொண்டு போகலாம். உருட்டிக்கொண்டு போகும் போர்ட்டபிள் ஏசி, உள்ளே இருக்கிற காற்றைக் குழாய் வழியே வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், அந்த இடத்துக்குக் கதவிடுக்கிலிருந்து வெளியனல் உள்ளே வரும். நான் யாருக்கும் சொல்வதில்லை.

மாட்டுகிற நாளில் பக்கத்தில் நில்லுங்கள்

பைப் இணைத்த பிறகு மெக்கானிக் உள்காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்குவம் பம்ப் போடுகிறாரா என்று பாருங்கள். சில பேர் வால்வைக் கொஞ்சம் திறந்து கேஸை விட்டு உள்காற்றைத் தள்ளிவிட்டு முடித்துவிடுவார்கள். ஆர்-22 என்ற பழைய கேஸ் காலத்துப் பழக்கம். இப்போது வருவது பெரும்பாலும் ஆர்-32, மெல்லத் தீப்பிடிக்கும் வகை. அதோடு பைப்பில் ஈரம் தங்கினால் கம்ப்ரசர் எண்ணெய் கெடும். குறைந்தது இருபது நிமிடமாவது பம்ப் ஓடி, அணைத்த பிறகு பத்து நிமிடம் கேஜ் முள் அசையாமல் நிற்க வேண்டும். முள் ஏறினால் எங்கோ கசிவு. முன்கூட்டியே நைட்ரஜன் ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்துவிட்டால் இந்த வம்பே இல்லை.

இரண்டு காப்பர் பைப்புக்கும் தனித்தனியாகக் கருப்பு ரப்பர் உறை போட வேண்டும், சேர்த்துக் கட்டக் கூடாது. நம் ஊர்க் காற்றில் உள்ள ஈரம் 25, 26 டிகிரியிலேயே வியர்த்துவிடும், உறை இல்லாத இடமெல்லாம் சொட்டிச் சுண்ணாம்புச் சுவர் குடிக்கும். அறையை 18-ல் வைத்து உறைய வைக்கிற வீடுகளில் பக்கத்து அறைச் சுவரே வியர்ப்பதைப் பார்த்திருக்கிறேன். 2020 ஜனவரியிலிருந்து புது ஏசிகள் போட்டவுடன் 24-ல் தொடங்க வேண்டும் என்று விதி, அதை இன்னும் இரண்டு ஏற்றி 26-ல் விட்டுவிடுங்கள்.

டிரெயின் பைப் தொடர்ந்து கீழ்நோக்கியே போக வேண்டும், நடுவில் தொங்கல் விழக் கூடாது. கொல்லையிலோ முற்றத்து ஜலதாரையிலோ கொண்டுபோய் விடுங்கள். கிளம்பும் முன் மெக்கானிக்கை இன்டோருக்குள் தண்ணீர் சேரும் தட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றச் சொல்லி, மறுமுனையில் அது வருகிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள்.

மாதம் ஒரு தடவை அவுட்டோரின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஃபின் மேல் படிந்த உப்பை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், கடலோரத் தெருக்களில் அந்தத் தண்ணீரே உப்பு. நகராட்சிக் குழாயில் வரும் தண்ணீரை ஒரு வாளி பிடித்து வைத்தால் போதும். பிரஷர் வாஷர் அடித்தால் ஃபின் மடங்கிவிடும். இன்டோரின் ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நீங்களே கழற்றிக் கழுவலாம், அதற்கு என்னைக் கூப்பிட வேண்டியதில்லை. பெரிய சர்வீஸை மாசியிலேயே முடித்துவிடுங்கள். சித்திரை பிறந்த பிறகு கூப்பிட்டால் என்னால் ஒரு வாரத்துக்கு வர முடியாது, மற்ற மெக்கானிக்குகளுக்கும் அதே கதைதான்.